யாருக்கு எந்த மெயில்? கிளப் உறுப்பினர்களைக் குழு பிரிக்கும் வழிகள்: ஓர் ஒப்பீடு

சனிக்கிழமை இரவு என்ன சாப்பாடு என்று நாகர்கோவிலில் உள்ள ஒரு கிளப் தன் 700 உறுப்பினருக்கும் மெயில் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். வடசேரியில் இருப்பவர் பார்த்துவிட்டு மேசைக்குச் சொல்லி வைப்பார். குவைத்தில் இருப்பவருக்கு அதில் ஒன்றுமில்லை. நாலு வாரம் திறக்காமல் விடுவார். ஐந்தாம் வாரம் ஸ்பேம் பொத்தானை அழுத்துவார். அதன் பிறகு அதே முகவரியிலிருந்து போகும் சந்தா நினைவூட்டலும் பொதுக்குழு அறிவிப்பும் அவருடைய ஸ்பேம் பெட்டிக்குள்தான் விழும். மெயில் வரவில்லை என்று அவர் சொல்வார், அனுப்பினோம் என்று அலுவலகம் சொல்லும். இரண்டுமே உண்மையாக இருக்கும்.

இந்தத் தொல்லை ஒருவரோடு நிற்பதில்லை. அனுப்புகிறவர்களின் ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது என்று ஜிமெயில் கேட்கிறது. 700 மெயிலில் மூன்று பேர் அழுத்தினாலே 0.43 ஆகிவிடும். ஆகவே உறுப்பினர்களைக் குழுவாகப் பிரித்து அனுப்புவது நாகரிகத்துக்காக மட்டுமல்ல, அவசியமான மெயில் போய்ச் சேரவும்தான். எந்தச் செயலியை வாங்குவது என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, குழுவை எதை வைத்துப் பிரிப்பது என்பது.

வகையா, குழுவா, விதியா

கிளப் பதிவேட்டில் ஏற்கெனவே ஒரு பிரிவினை உண்டு: ஆயுள் உறுப்பினர், நிரந்தர உறுப்பினர், தற்காலிக உறுப்பினர், வெளிநாடுவாழ் உறுப்பினர். இது உறுப்பினர் வகை. ஒருவருக்கு ஒரு வகைதான். கட்டணமும் வாக்குரிமையும் அதை ஒட்டியே வரும். மெயில் அனுப்ப இதையே பயன்படுத்தினால் என்ன என்று பலருக்கும் தோன்றும். பொதுக்குழு அறிவிப்புக்கு அது போதும். ஷட்டில் ஆடுபவர்களுக்கு மட்டும் ஒரு செய்தி அனுப்ப வேண்டும் என்று வரும்போது சிக்கல் தொடங்குகிறது. ‘ஆயுள் - ஷட்டில்’, ‘ஆயுள் - நீச்சல்’, ‘ஆயுள் - ஷட்டில், நீச்சல்’ என்று வகைகளைப் பெருக்கத் தொடங்குவார்கள். நான்கு வகை, மூன்று விருப்பம் என்றால் எல்லாச் சேர்க்கைக்கும் 32 வகை தேவைப்படும். பொருளாளர் அடுத்த ஆண்டு சந்தாவை மாற்றும்போது 32 இடத்தில் மாற்ற வேண்டும், ஓரிடத்தில் தவறுவார். வகையைக் கட்டணத்துக்கு மட்டும் விட்டுவிடுவதே நல்லது.

குழு என்பது வேறு. ஒரே ஆள் ஷட்டில் குழுவிலும் நூலகக் குழுவிலும் கட்டடக் குழுவிலும் இருக்கலாம். பெயரை நாமே கையால் சேர்க்கிறோம், எடுக்கிறோம் (இது கைப்பட்டியல்), அல்லது உறுப்பினரே சேர்கிறார், விலகுகிறார்.

மூன்றாவது, விதி. ‘நிலுவை 0-க்கு மேல், இருப்பிடம் உள்ளூர்’ என்று நிபந்தனை எழுதி வைத்தால், அனுப்பும் நேரத்தில் பதிவேட்டைப் பார்த்துப் பட்டியல் தானே உருவாகும். நேற்றுப் பணம் கட்டியவருக்கு இன்று நினைவூட்டல் போகாது. மெயில் சேவைகள் இதை ‘செக்மென்ட்’ என்றும், கிளப் மென்பொருள்கள் சேமித்த தேடல் என்றும் சொல்லும்.

கைப்பட்டியலா, உறுப்பினரே சேரும் குழுவா, விதியா என்று குழம்ப வேண்டியதில்லை. அந்தப் பட்டியலை யார் மாற்றுகிறார்கள் என்று பார்த்தால் போதும். செயற்குழு முடிவால் மாறுவது (கணக்குக் குழு, விழாக் குழு) என்றால் கைப்பட்டியல். உறுப்பினரின் ஆசையால் மாறுவது (ஷட்டில், சீட்டாட்டம், நூலகம், சனிக்கிழமைச் சாப்பாடு) என்றால் அவரே ‘டிக்’ அடித்துச் சேரும் குழு. அலுவலகக் கணக்கால் மாறுவது (நிலுவை, வகை, புதுப்பிக்கும் தேதி, முகவரி) என்றால் விதி.

இதை மாற்றிப் போட்டால்தான் தவறுகள் வருகின்றன. நிலுவைக்காரர்களைக் கைப்பட்டியலாக வைத்திருந்தால், பணம் கட்டியவரின் பெயரை எடுக்க ஒரு ஆள் மறப்பார். கட்டிய பிறகும் ‘நிலுவை உள்ளது’ என்று மெயில் போகும். மரியாதைக்குரிய மூத்த உறுப்பினர் ஒருவருக்கு அப்படிப் போய்விட்டால் அடுத்த பொதுக்குழுவில் அதுதான் பேச்சாக இருக்கும். கைப்பட்டியலில்தான் வைக்க வேண்டிய செயற்குழுவுக்கும் ஓர் ஆபத்து உண்டு: தேர்தல் முடிந்தும் பழைய பட்டியலைத் திருத்தாமல் விட்டால், புதிய குழுவின் வரைவுக் குறிப்புகள் முந்தைய செயலாளருக்கும் போய்க்கொண்டிருக்கும். கைப்பட்டியல் ஒவ்வொன்றுக்கும் ‘காலாவதித் தேதி’ என்று ஒரு குறிப்பு எழுதி வையுங்கள். தேர்தல் நாள்தான் செயற்குழுப் பட்டியலின் காலாவதி நாள்.

பதிவேட்டில் என்ன இருக்க வேண்டும்

குழுக்கள் வேண்டும் என்றதும் இருபது பெயர் எழுதிவிடுவது வழக்கம். அதற்கு முன் கடந்த ஓராண்டில் கிளப் அனுப்பிய எல்லா மெயிலையும் எடுத்து, ஒவ்வொன்றின் அருகிலும் ‘இது உண்மையில் யாருக்கு?’ என்று எழுதுங்கள். எந்த மெயிலுக்கும் தேவைப்படாத குழுவை உருவாக்க வேண்டாம். பெரும்பாலான கிளப்புகளுக்கு ஆறிலிருந்து பத்துக் குழு போதும்.

நெடுவரிசைகள்: உறுப்பினர் எண், பெயர், வகை, மெயில், கைப்பேசி, பின்கோடு, இருப்பிடம், மொழி, விருப்பங்கள் (ஒவ்வொன்றுக்கும் தனி நெடுவரிசை), நிலுவை, புதுப்பிக்கும் தேதி, ஒப்புதல் தந்த தேதி.

ஊர்ப்பெயரை வைத்துக் குழு பிரிக்காதீர்கள். நாகர்கோவிலை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதியிருப்பார்கள். பார்வதிபுரம், செட்டிகுளம் என்று பகுதியின் பெயரை மட்டும் எழுதியவர்களும் இருப்பார்கள். பின்கோடு அப்படி ஏமாற்றாது. குமரி மாவட்டத்தில் 629-ல் தொடங்கும்: நாகர்கோவில் 629001, மார்த்தாண்டம் 629165, தக்கலை 629175, குளச்சல் 629251. திருவனந்தபுரத்தில் குடியேறிய உறுப்பினர்கள் 695-ல் வருவார்கள். முதல் மூன்று இலக்கத்தைப் பார்த்தாலே உள்ளூர், வெளியூர் பிரிந்துவிடும்.

ஆனால் பின்கோடு வீட்டைத்தான் சொல்லும், ஆளைச் சொல்லாது. வீட்டு முகவரி தக்கலையாக இருக்கும், ஆள் ரியாத்தில் இருப்பார். இந்த மாவட்டத்துப் பதிவேட்டில் ‘இருப்பிடம்: உள்ளூர் / வெளியூர் / வெளிநாடு’ என்ற தனி நெடுவரிசை இல்லாமல் எந்தக் குழுவும் சரியாக அமையாது. வெளிநாட்டுக் குழுவுக்கு வாரச் சாப்பாட்டுப் பட்டியல் வேண்டாம். பொதுக்குழு, சந்தா, அறை முன்பதிவு மூன்றும் வேண்டும். வளைகுடாவில் பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு ஊருக்கு வருகிறவர்கள் ஜூலை, ஆகஸ்டில்தான் அறை கேட்பார்கள்; முன்பதிவு மெயில் ஏப்ரல் கடைசியிலேயே போக வேண்டும். நேரத்தையும் பாருங்கள்: இங்கே காலை 11 மணி என்றால் துபாயில் 9.30, குவைத்திலும் தோகாவிலும் 8.30.

மொழி நெடுவரிசையும் இங்கே வீண் இல்லை. விளவங்கோடு பக்கத்தில் மலையாளம் வீட்டு மொழியாக உள்ளவர்கள் இருக்கிறார்கள். வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகள் ஆங்கிலம் கேட்பார்கள். ‘எந்த மொழியில் வேண்டும்’ என்று உறுப்பினரிடமே கேட்டு நிரப்புங்கள். பெயரைப் பார்த்து ஊகிக்காதீர்கள்.

ஒரு நெடுவரிசை மட்டும் வேண்டவே வேண்டாம்: மதம். பண்டிகை வாழ்த்துக்காக அதைச் சேர்க்கலாம் என்று யாராவது சொல்வார்கள். கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கோ சுசீந்திரம் மார்கழித் தேருக்கோ கிளப் திறக்கும் நேரம் மாறினால் அது எல்லோருக்கும் உரிய செய்தி. ஓணம் வாழ்த்தோ கிறிஸ்துமஸ் வாழ்த்தோ அனுப்புவதானால் எல்லோருக்கும் அனுப்புங்கள். பிரித்து அனுப்பினால், யாருக்கு வரவில்லை என்பது ஒரே நாளில் ஊருக்குத் தெரிந்துவிடும்.

கருவிகள்: எது எதற்குத் தாங்கும்

*ஜிமெயில் லேபிளும் பிசிசியும்.* கூகுள் தொடர்புகளில் ‘ஷட்டில்’ என்று லேபிள் உருவாக்கி, மெயிலின் பிசிசி கட்டத்தில் (பெறுபவர்களின் முகவரி ஒருவருக்கொருவர் தெரியாத கட்டம்) அந்தப் பெயரைத் தட்டினால் எல்லா முகவரியும் வந்துவிடும். செலவில்லை, பத்து நிமிட வேலை. சாதாரண ஜிமெயில் கணக்கில் ஒரு நாளைக்கு 500 முகவரிதான் எல்லை. தாண்டினால் அனுப்பும் வசதி ஒரு நாள்வரை முடங்கும். 700 பேர் கிளப்பில் பொதுக்குழு அறிவிப்பு ஒரே நாளில் போகாது. ஒவ்வொருவர் பெயரும் போட்டு அனுப்ப முடியாது. பிசிசிக்குப் பதிலாக ‘டூ’ கட்டத்தில் போட்டுவிட்டால் அத்தனை பேர் முகவரியும் அத்தனை பேருக்கும் போய்விடும். திரும்பப் பெற வழியில்லை. அனுப்பிய பிறகு சில விநாடிகள் நிறுத்திவைக்கும் வசதியை அமைப்புகளில் 30 விநாடியாக வையுங்கள். அறுபது பேருக்குள் உள்ள விருப்பக் குழுக்களுக்கு இது போதுமானது, அதற்கு மேல் வேண்டாம்.

*கூகுள் குரூப்.* ஒரே முகவரிக்கு அனுப்பினால் குழு முழுவதற்கும் போகும். கட்டடக் குழு, விளையாட்டுக் குழு போன்று உள்ளே பேச்சுவார்த்தை நடக்கும் இடத்துக்கு இதைவிட நல்லது இல்லை. அறிவிப்புக்கு ஆகாது. யார் எழுதலாம் என்பதை ‘நிர்வாகிகள் மட்டும்’ என்று கட்டாவிட்டால் ஒருவர் ‘நன்றி’ என்று பதில் போட, அது 700 பெட்டியில் விழும். அடுத்தவர் ‘எல்லோருக்கும் பதில் போடாதீர்கள்’ என்று எல்லோருக்கும் போடுவார்.

*ஷீட்டும் மெயில் மெர்ஜும்.* ஒரே மெயிலில் ஆளுக்கு ஆள் விவரத்தை மாற்றி நிரப்பி அனுப்புவதுதான் மெயில் மெர்ஜ். பதிவேடு கூகுள் ஷீட்டில் இருக்கும். ‘ஃபில்டர்’ சூத்திரத்தால் வேண்டியவர்களை மட்டும் தனிக் கோப்பின் முதல் தாளுக்கு எடுத்து, அங்கிருந்து அனுப்புவது. கூகுளின் அலுவலகச் சேவையான ஒர்க்ஸ்பேஸின் சில கட்டணத் திட்டங்களில் ஜிமெயிலுக்குள்ளேயே இந்த வசதி உண்டு. நாளுக்கு 1,500 பேர்வரை அனுப்பலாம், பெயரும் நிலுவைத் தொகையும் ஆளுக்கு ஆள் மாறும், விலகல் இணைப்பும் தானே சேரும். இலவசக் கணக்கில் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் (ஷீட்டோடு இணையும் கூகுளின் நிரல் வசதி) எழுதி அனுப்பினால் எல்லை நாளுக்கு 100 பேர்.

இந்த முறையின் பெரிய ஆபத்து வரிசைப்படுத்துவதில் இருக்கிறது. பெயர் நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து அகரவரிசைப்படுத்தினால், மற்ற நெடுவரிசைகள் அங்கேயே நிற்கும். ஒருவர் நிலுவை இன்னொருவர் பெயரில் போகும். வரிசைப்படுத்தும் முன் தாள் முழுவதையும் தேர்ந்தெடுங்கள், அனுப்பும் முன் உறுப்பினர் எண்ணை வைத்து ஐந்து பேரையாவது அசல் பேரேட்டோடு ஒப்பிடுங்கள். வேர்டில் மெர்ஜ் செய்பவர்களுக்கு இன்னொரு பொறி: எக்ஸெலில் வடிகட்டி மறைத்த வரிகளுக்கும் சேர்த்தே மெயில் போகும். வேண்டியவர்களைத் தனிக் கோப்பாக வெட்டி ஒட்டிய பிறகே இணையுங்கள்.

*மொத்த மெயில் சேவை.* சோகோ கேம்பெய்ன்ஸ், பிரெவோ, மெயில்சிம்ப் போன்றவை. கைப்பட்டியல், உறுப்பினரே சேரும் குழு, விதி மூன்றும் இவற்றில் உண்டு. எத்தனை பேர் திறந்தார்கள், எந்த முகவரி செத்துவிட்டது என்பதும் தெரியும். (திறந்த கணக்கை அப்படியே நம்பாதீர்கள், ஆப்பிள் மெயில் ஆள் பார்க்காமலே படங்களை முன்கூட்டி இறக்குவதால் எண்ணிக்கை கூடிக் காட்டும்.) இலவசத் திட்ட எல்லைகளைக் கவனியுங்கள்: பிரெவோவில் நாளுக்கு 300 என்றால் 700 பேருக்கு மூன்று நாள் ஆகும்.

ஆனால் இதற்குக் கிளப்புக்குச் சொந்தமான இணையப் பெயர் வேண்டும். ஜிமெயில் முகவரியை அனுப்புநராக வைத்து வேறு சேவை வழியாக அனுப்பினால், அது ஜிமெயிலின் சேவையகத்திலிருந்து வராததால் போலி என்று சந்தேகப்பட்டு ஸ்பேமில் தள்ளப்படும். சொந்தப் பெயரின் டிஎன்எஸ் பதிவில் (இணையப் பெயருக்குரிய அமைப்புகள் இருக்கும் இடம்) எஸ்பிஎஃப் (யார் யார் இந்தப் பெயரில் அனுப்பலாம் என்ற பட்டியல்), டிகேஐஎம் (மெயிலில் இடும் டிஜிட்டல் முத்திரை), டிமார்க் (இவற்றில் தேறாத மெயிலை என்ன செய்வது என்ற அறிவிப்பு) மூன்றையும் சேர்க்க வேண்டும். ஒரு பெயருக்கு எஸ்பிஎஃப் பதிவு ஒன்றுதான் இருக்கலாம். பழையதை விட்டுவிட்டு இரண்டாவதாக ஒன்றைச் சேர்த்தால் இரண்டும் செல்லாது. புதிய சேவையைப் பழைய வரிக்குள்ளேயே நுழைக்க வேண்டும். டிமார்க்கை முதலில் கண்காணிப்பு நிலையில் வைத்து, சில வாரம் பார்த்துவிட்டு இறுக்குங்கள். 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாகூவும் இவற்றைக் கடுமையாகப் பார்க்கின்றன.

*கிளப் மேலாண்மை மென்பொருள்.* பில், அறை, சந்தா, மெயில் எல்லாம் ஒரே இடத்தில் என்பதுதான் இதன் பலம். கவுன்டரில் பணம் வாங்கிய அதே நிமிடத்தில் நிலுவை விதியிலிருந்து பெயர் விழுந்துவிடும். வேறெந்த முறையிலும் பேரேட்டை ஏற்றி இறக்க வேண்டும். வாங்கும் முன் விற்பனையாளரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: விதிக்குள் ‘இதுவும் அதுவும்’, ‘இது அல்லது அது’ இரண்டும் எழுத முடியுமா? உறுப்பினர் பட்டியலைக் குழு விவரத்தோடு முழுவதுமாக வெளியே எடுக்க முடியுமா? இரண்டாவதற்கு இல்லை என்ற பதில் வந்தால் வாங்க வேண்டாம்.

வாட்ஸ்அப்பை மெயிலுக்குப் போட்டியாகப் பார்க்கத் தேவையில்லை. ஐப்பசி மழையில் இன்று மாலை மைதானம் மூடியிருக்கிறது என்ற செய்திக்கும் இரங்கல் செய்திக்கும் அதுதான் சரி. மெயிலை மறுநாள்தான் பார்ப்பார்கள். பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர்தான், அதிலும் கிளப்பின் எண்ணைத் தன் கைப்பேசியில் சேமித்தவருக்கே போகும். எஸ்எம்எஸ் அனுப்பத் தொலைபேசி நிறுவனங்களின் டிஎல்டி பதிவுத் தளத்தில் அனுப்புநர் பெயரையும் வாசகத்தையும் முன்பே பதிய வேண்டும். தமிழில் ஒரு எஸ்எம்எஸ் 70 எழுத்துக் குறிகளோடு முடிந்துவிடும், ஆங்கிலத்தில் 160.

விலகல் பொத்தான் எங்கே இடிக்கிறது

மொத்த சேவைகளில் மெயிலின் அடியில் ‘விலகு’ என்ற இணைப்பு இருக்கும். சாப்பாட்டுப் பட்டியல் வேண்டாம் என்று நினைத்து ஒருவர் அதை அழுத்துவார். பல சேவைகளில் அது அந்தக் குழுவிலிருந்து மட்டும் விலக்காது, முழுப் பட்டியலிலிருந்தும் விலக்கிவிடும். ஆறு மாதம் கழித்துச் சந்தா மெயில் போகாமல் உறுப்பினர் பதவியே தவறும் நிலைக்கு வரும்.

இதற்கு வழி, ஆரம்பத்திலேயே இரண்டாகப் பிரிப்பது. சந்தா, பொதுக்குழு, துணைவிதித் திருத்தம் போன்ற நிர்வாக மெயில்கள் ஒரு முகவரியிலிருந்து. விருப்ப மெயில்கள் இன்னொரு முகவரியிலிருந்து. விருப்ப மெயிலில் ‘விலகு’ என்றால் நேரே விலக்காமல், எந்தக் குழு வேண்டும், எது வேண்டாம் என்று கேட்கும் பக்கத்துக்குப் போகும்படி அமையுங்கள். எல்லாமே வேண்டாம் என்பதற்கும் அதில் ஒரு கட்டம் இருக்க வேண்டும். பொதுக்குழு அறிவிப்பைப் பொறுத்தவரை, மெயில் மட்டும் போதுமா என்பதை உங்கள் துணைவிதியில் பாருங்கள். தபாலில் என்று எழுதியிருந்தால் மெயில் கூடுதல் வசதிதான்.

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது, விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வருகிறது. ஒப்புதலைத் தெளிவாகப் பெறுவதும், தந்த அளவுக்கு எளிதாக அதைத் திரும்பப் பெற வழி வைப்பதும் அதன் அடிப்படை. உறுப்பினர் படிவத்தில் ஒவ்வொரு விருப்பக் குழுவுக்கும் தனிக் கட்டம் வையுங்கள், முன்கூட்டி டிக் அடித்து வைக்காதீர்கள். பிள்ளைகளின் மெயிலைக் குடும்ப உறுப்பினராகச் சேர்த்திருந்தால் மது பார் அறிவிப்பு அவர்களுக்குப் போகாதபடி விதியில் பிறந்த தேதியையும் சேருங்கள். தமிழ்நாட்டில் மதுவுக்குக் குறைந்தபட்ச வயது 21.

அனுப்பும் முன் பார்க்க வேண்டியவை

எக்ஸெலிலிருந்து பட்டியலை ஏற்றும்போது தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாக மாறினால், சாதாரண சிஎஸ்வியாகச் சேமித்திருக்கிறீர்கள் என்று பொருள்; ‘சிஎஸ்வி யுடிஎஃப்-8’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். 03/04 என்ற தேதியை அமெரிக்க அமைப்பில் உள்ள சேவை மார்ச் 4 என்று படிக்கும், புதுப்பிக்கும் தேதி ஒரு மாதம் முந்திவிடும். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் குழப்பமில்லை.

கணவன், மனைவி இருவரும் உறுப்பினர், மெயில் ஒன்றுதான் என்பது இங்கே சகஜம். மெயில் சேவைகள் முகவரியையே அடையாளமாகக் கொள்வதால் இரண்டாவது பதிவு முதலாவதை அழித்துவிடும். கணவரின் ஷட்டில் குழு போய் மனைவியின் நூலகக் குழு நிற்கும். ஜிமெயில் முகவரி என்றால் பெயருக்குப் பின் ஒரு பிளஸ் குறியும் உறுப்பினர் எண்ணும் சேர்த்து இரண்டாம் பதிவை இடலாம். மெயில் அதே பெட்டிக்குத்தான் போகும், சேவை மட்டும் இரண்டு ஆளாக எண்ணும்.

விதியில் ‘மற்றும்’ என்பதற்குப் பதில் ‘அல்லது’ என்று விட்டால் ‘ஷட்டில் ஆடும் உள்ளூர்க்காரர்’ என்பது ‘ஷட்டில் ஆடுபவர் எல்லோரும், உள்ளூர்க்காரர் எல்லோரும்’ ஆகிவிடும். பிடிக்க எளிய வழி எண்ணிக்கை: 80 பேர் வர வேண்டிய இடத்தில் 520 என்று காட்டினால் நிறுத்துங்கள். பிறகு நாலைந்து பேர் கொண்ட சோதனைக் குழுவுக்கு முதலில் அனுப்பிப் பாருங்கள். அதில் ஒரு யாகூ, ஒரு ரீடிஃப்மெயில் முகவரி இருக்கட்டும். ஓய்வுபெற்ற உறுப்பினர்கள் பலர் இன்னும் அவற்றில்தான் இருக்கிறார்கள். வேர்டிலிருந்து அப்படியே ஒட்டிய மெயில் கண்ணுக்குத் தெரியாத வடிவக் குறிகளோடு வீங்கியிருக்கும். 102 கேபியைத் தாண்டினால் ஜிமெயில் கீழ்ப்பகுதியை வெட்டி மறைக்கும், பணம் கட்டும் இணைப்பு அங்கேதான் இருக்கும்.

எந்தக் கிளப்புக்கு எது

150 உறுப்பினருக்குள், முழுநேர ஊழியர் ஒருவர் என்றால் கூகுள் ஷீட்டும் மெயில் மெர்ஜும். துணைக்குழுக்களுக்கு கூகுள் குரூப். 150 முதல் 800 வரை, வாரம் ஒரு மெயிலாவது போகிறது, பாதிப் பேர் வெளியூர் என்றால் மொத்த மெயில் சேவை. நிலுவை விவரத்தை மட்டும் மாதம் இருமுறை பேரேட்டிலிருந்து ஏற்ற வேண்டும், ஏற்றிய அன்றே நினைவூட்டல் போக வேண்டும். அதற்கு மேல், அல்லது உணவகமும் அறைகளும் கடன் கணக்கில் ஓடும் கிளப் என்றால் மேலாண்மை மென்பொருள் தன் விலையைத் தேடித் தரும். மெயிலுக்காக மட்டும் அதை வாங்குவது வீண்.

எதைத் தேர்ந்தாலும் கணக்கைச் செயலாளரின் சொந்த ஜிமெயிலில் தொடங்கக் கூடாது. தேர்தலுக்குப் பிறகு ஓடிபி பழைய செயலாளரின் கைப்பேசிக்குப் போகும், அவர் அப்போது மகன் வீட்டில் ஷார்ஜாவில் இருப்பார். கிளப் முகவரியில் தொடங்கி, மீட்பு எண்ணாக அலுவலகக் கைப்பேசியைக் கொடுத்து, மேலாளர், பொருளாளர் இருவரையும் நிர்வாகிகளாகச் சேருங்கள். இணையப் பெயரைப் புதுப்பிக்கும் தேதியையும் அது யார் கணக்கில் இருக்கிறது என்பதையும் பொறுப்பு ஒப்படைக்கும் தாளிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.